தூரமா என்று மட்டும் கேட்கலாம்

1

எனக்கு நீச்சல் தெரியாது. அம்பத்தூர் ஏரிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும், ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்குமே தெரியாது. அப்பா ஏரியில் கால் கழுவ இறங்கினால்கூட முழங்காலுக்கு மேல் தண்ணீரை ஏறவிட மாட்டார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான் தினமும் காபிக்கு முன்னால் செய்கிற முதல் வேலை, கடலுக்கு அடியில் இன்றைக்கு எத்தனை தூரம் கண் தெரியும் என்று பார்ப்பது.

காரணம் என் மகள் பவித்ரா. ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்குத் தெற்கே, நாங்கள் குடியிருக்கும் கடற்கரை ஊரில் ஸ்கூபா பைத்தியம் பிடித்த கூட்டம் ஒன்று உண்டு. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் குதிப்பதுதான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. பவியும் அதில் சேர்ந்துவிட்டாள். அவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா, நீரோட்டம் இழுக்கிறதா, படகு இறக்கும் துறை திறந்திருக்கிறதா என்று தினமும் யாராவது எழுதுவார்கள். எவனாவது சுறாவைப் பார்த்தால் அதையும் எழுதுவான், அதுவும் சந்தோஷமாக. பெண்ணைத் தடுக்க முடியவில்லை, குழுவிலாவது சேர்ந்து தொலைப்போம் என்று நானும் சேர்ந்துவிட்டேன்.

தை மாதம், அப்பாவின் முதல் வருஷத் தெவசத்துக்குத் திருமுல்லைவாயிலில் ஏரியை ஒட்டிய எங்கள் பழைய வீட்டுக்கு நான் மட்டும் வந்திருந்தேன். மனைவி கலைக்கு முதியோர் இல்லத்தில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. தெவசத்தன்று காலையிலும் மொட்டை மாடியில் நின்று அந்தக் குழுவைத்தான் படித்தேன். காலையில் கடல் அமைதி, வெளிப்பாறைப் பக்கம் தண்ணீர் நல்ல தெளிவு, மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று பலமாக எழும் என்று போட்டிருந்தார்கள்.

அண்ணன் தேவராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார்.

"இன்னாடா, காலங்காத்தால ரேஸ் ரிசல்ட்டு பாக்குற மேரி ஃபோனயே மொறச்சிகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ப ஊட்டுப் பொண்ணு கடலுக்கு அடில போவுதா? இன்னாத்துக்கு?"

"மீன் பார்க்க."

"மீன் பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போறது."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்க்கையில் அவர் ஏறிய ஒரே படகு, மழை வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் வந்த மீனவர் படகுதான். அண்ணி அமுதா ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து அழுத கதையையும், படகோட்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "எத்தினி பேரு, எத்தினி பேரு" என்று கத்திக் கேட்டுக்கொண்டே வந்த கதையையும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அன்று காலை மறுபடியும் சொன்னார். இருவரும் சிரித்தோம். அந்த நாளில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

2

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்காது. அவசியம் தெரிந்தாக வேண்டும் என்றால் "தூரமா?" என்று மட்டும் கேட்கலாம். அதுவும் ஒரு மரியாதைக்குத்தான், பதிலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்பா இதில் மகா கண்டிப்பு. ஒருநாள் கம்பெனிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் தாண்டியபோது எதிர்வீட்டுக்காரர் தெரியாத்தனமாக "எங்க, வேலைக்கா?" என்று கேட்டுவிட்டார். அப்பா சைக்கிளைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினார். கம்பெனி கேட்டை மூடிவிடுவான் என்று தெரிந்தும் அவசரப்படவில்லை. ஆனால் போய்த் திரும்பிவிட்டால் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், எந்தத் தெரு, யாரைப் பார்த்தேன், என்ன சாப்பிட்டேன் என்று ஒன்றுவிடாமல் அவரே சொல்வார்.

பெர்த்துக்கு நாங்கள் கொண்டுபோன சாமான்களில் பாதி அங்கே உதவவில்லை. இட்லிப் பானை பரணில் கிடக்கிறது. பவிக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும். பொங்கல் என்றைக்கு என்று கேட்டால் விழிப்பாள். ஆனால் இந்த ஒரு வழக்கம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே அதை ஒரு விளையாட்டாகப் பிடித்துக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நிற்பாள். கலை "தூரமா?" என்பாள். "கிட்டத்தாம்மா," என்று சிரித்துக்கொண்டே போவாள். தன் நண்பர்களிடம்கூட இதைப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். இத்தனை கழன்றும் இது மிஞ்சியதே என்று எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

அங்கே படகுத்துறையில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. பவியைக் கொண்டுவிடப் போகும்போதெல்லாம் காரில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறேன். கடலுக்குப் போகுமுன் கரையில் இருக்கும் ஒருவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போ என்கிறது அது. எங்கே போகிறாய், எத்தனை பேர், எப்போது திரும்புவாய். மனப்பாடமே ஆகிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கமும் அந்தப் பலகையும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

3

படையல் போட்டாயிற்று. தலைவாழை இலையில் அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மசால்வடை, ஒரு கட்டு பீடி, அண்ணன் மறைத்துக் கொண்டுவந்து வைத்த குவார்ட்டர். அண்ணி கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தபோது என் கைப்பேசி அடித்தது. கலை.

"ஏங்க," என்றாள். அப்புறம் அழுகைக்கு நடுவே சொன்னாள்.

போலீஸ் வீட்டுக்கு வந்திருக்கிறது. தூண்டில் போடப் போனவர்கள் கடலில் ஆளில்லாமல் மிதந்து போன ஒரு சின்னப் படகைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பை. ஒன்றில் பவியின் அடையாள அட்டையும், காலையில் கலை கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதமும். டப்பாவைத் திறக்கவே இல்லை.

படகு ஆலிவருடையது. பவியோடு கல்லூரியில் படிக்கிற பையன். அவனும் பவியும் மேகன் என்ற பெண்ணுமாக மூன்று பேர் போயிருக்கிறார்கள். நங்கூரம் போட்டுவிட்டு மூன்று பேரும் சேர்ந்தே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். படகில் ஓர் ஆளாவது இருக்க வேண்டும் என்பது கத்துக்குட்டிக்கும் தெரிந்த விதி. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததாம், யாருக்கும் மேலே உட்கார மனம் வரவில்லையாம். நங்கூரம் பிடி விட்டிருக்கிறது, படகு போய்விட்டது. கிளம்புமுன்பே துறைக்கு ரேடியோவில் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஆலிவர் சொல்லியிருப்பான் என்று மேகன் இருந்திருக்கிறாள், மேகன் சொல்லியிருப்பாள் என்று ஆலிவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது, காலிப் படகு, பிரிக்காத டப்பா, அவ்வளவுதான்.

இலை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னா ஆச்சி? சொல்லுடா. யாருக்கு இன்னா?"

பவியைக் காணோம் என்றேன். அண்ணி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

4

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஓர் அதிகாரி என்னை அழைத்தார். மிகவும் மரியாதையான மனிதர், ஆனால் அந்த மரியாதைக்கு நேரம் பிடித்தது. என் பெயரைக் கேட்டார். சுந்தரம் என்றேன். குடும்பப் பெயர்? அதுவும் சுந்தரம். நமக்கு ஒரே பெயர்தான், முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. அந்த நாட்டு இயந்திரங்களுக்கு அது செரிக்காததால் என் ஓட்டுநர் உரிமத்தில் நான் சுந்தரம் சுந்தரம். பவித்ரா சுந்தரம் என்று பார்த்துவிட்டு, நீங்கள் அவருக்குக் கணவரா, தந்தையா என்று கேட்டார். தந்தை என்றேன். எங்கே இருக்கிறீர்கள்? இந்தியாவில். ஊர்? திருமுல்லைவாயில். எழுத்துக் கூட்டச் சொன்னார். என் பெண் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க, திருமுல்லைவாயிலுக்கு நான் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினேன்.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார். எந்த இடத்துக்குப் போவதாகச் சொன்னாள்?

படகு மிதந்து வந்த திசையை மட்டும் வைத்துக்கொண்டு தேட முடியாது என்றார். காற்று காலிப் படகை ஒரு வேகத்தில் தள்ளும், தலை மட்டும் வெளியே தெரிகிற ஆளை வேறு வேகத்தில், நீரோட்டம் வேறு பக்கம். புறப்பட்ட இடம் தெரிந்தால் கணக்குப் போடலாம். ஆலிவரின் அம்மா வேறு ஊரில் இருக்கிறார், அவரிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மேகன் தனியாகத் தங்கியிருப்பவள். கரையில் வீடு என்று இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

பக்கத்தில்தான் சார், தெரியாது சார் என்றேன். அத்தனை வருஷம் அங்கே பேசிய ஆங்கிலம் எங்கோ ஓடிப்போய், முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது சூப்பர்வைசரிடம் பேசிய பழைய இங்கிலீஷ் வாயில் வந்தது. பக்கம் என்றால் எதற்குப் பக்கம் என்று அவர் பொறுமையாகக் கேட்டார்.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளையிடம் எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை, அது எங்கள் வழக்கம் என்று ஒரு போலீஸ் அதிகாரிக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு, ஏதாவது நினைவு வந்தால் உடனே கூப்பிடுங்கள், இருட்டுவதற்குள் கண்டுபிடிப்பது நல்லது என்றார்.

5

பூந்தமல்லியில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் சப்ளை செய்கிற ஜாபர் என் பள்ளித் தோழன். தெவசச் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலிலேயே செய்தி கேட்டு, நேரே மாடிக்கு வந்தான். நான் வெயிலில் நின்றிருந்தேன்.

"மாமே, சிலிண்டர் எவ்ளோ நேரம் தாங்கும்?"

"எப்பவோ தீர்ந்திருக்கும்."

"தீந்துட்சினா?"

மேலே வந்துவிட்டால் சிலிண்டர் தேவையில்லை, போட்டிருக்கிற சட்டையில் காற்று ஊதிக்கொண்டு மிதக்கலாம், தடிப்பான ரப்பர் உடை குளிரைக் கொஞ்சம் தாங்கும் என்றேன். எல்லாம் பவி சொல்லிக் கொடுத்ததுதான். அலை ஏறினால் தலை தெரியாது என்பதையும் அவள்தான் சொன்னாள். அதை ஜாபரிடம் சொல்லவில்லை.

"அப்ப மெதந்துகினு கீது. மெதக்கறவரிக்கும் உசுரு கீது. கீழ வா."

போக முடியவில்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்றேன். அங்கே பொழுது நமக்கு முன்னால் சாயும். என் தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது, ஆவடி மின்சார ரயில் கூவிக்கொண்டு போனது. அங்கே சூரியன் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சொன்னபடி தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டதாகக் குழுவில் போட்டிருந்தார்கள். படகு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் தேடக் கிளம்பியிருந்தார்கள், எந்தப் பக்கம் போவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அண்ணனோடு சிரித்தபடி படித்த அதே குழு. கைப்பேசியைத் தெருவில் வீசி எறிய வேண்டும் போல் இருந்தது. இந்த ஊரை விட்டு ஏன் போனேன், தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற குடும்பத்துப் பெண்ணை ஏன் கடல் ஓரத்தில் வளர்த்தேன் என்று வாய்விட்டே புலம்பினேன். ஜாபர் என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனான்.

கீழே அண்ணன் படையல் முன்னால் நின்று அப்பா படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "நைனா, உம் பேத்தி நைனா. தண்ணில கீதாம். பாத்துக்கோ நைனா." குழம்பு ஆறிப் போயிருந்தது. காக்கைக்கு வைக்க யாருக்கும் கை வரவில்லை.

கலை மறுபடி அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். கேட்டிருக்கணும், கேட்டிருக்கணும் என்று அதையே சொல்லி அழுதாள். அண்ணி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"கலை, அழாத, நா கேக்கறத்துக்குப் பதில் சொல்லு. எங்கன்னு கேக்கல, சரி. தூரமான்னு கேட்டியா?"

கலை மூக்கைச் சிந்தினாள்.

"கேட்டேங்க்கா."

"அதுக்கு இன்னா சொல்லிச்சி?"

"தூரமில்லம்மா, போன தடவ பாதியில திரும்பி வந்தோம்ல, அங்கதான்னு சொன்னா. எங்கேருந்து திரும்பினாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் அன்னிக்கு டூட்டில இருந்தேன்."

எனக்குத் தெரியும். அன்று அவளைத் துறையிலிருந்து அழைத்து வந்தவன் நான். காரில் ஏறினதிலிருந்து வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இரட்டைப் பாறைக்கு வெளிப்பக்கம் போகக் கிளம்பினோம், அலை தூக்கிவிட்டது, ஆலிவர் பயந்து படகைத் திருப்பிவிட்டான் என்றாள். போய்த் திரும்பியவர்கள் எதையும் சொல்லலாம், சொன்னாள். போலீஸ் கேட்ட கேள்விக்குக் கலைக்கு இது பதிலாகவே தோன்றவில்லை. கேள்வியே சும்மா ஒரு மரியாதைக்கு என்றால், பதிலை யார் பதிலாக நினைப்பார்கள்?

அதிகாரியை அழைத்தேன். இரட்டைப் பாறை, வெளிப்பக்கம் என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுவரை அவர்கள் தேடிக்கொண்டிருந்தது வடக்கே. பாறை இருப்பது தெற்கே.

6

இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒரு மிதவைக் குழலைப் பார்த்தார்கள். பவி அதை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். மேகனைத் தன் இடுப்புப் பட்டையோடு கட்டி வைத்திருந்தாள். இரண்டு பேர்.

ஆலிவர் இல்லை. படகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தபோதே, நான் போய்ப் பிடித்து வருகிறேன் என்று நீந்திப் போனானாம். இங்கேயே இருங்கள், வந்துவிடுவேன் என்றானாம். பல நாள் தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இதை எழுதுகிற இன்றுவரை கிடைக்கவில்லை.

பெர்த்துக்குத் திரும்பிய பிறகு அவன் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சோபா நுனியில் உட்கார்ந்து, வளர்ந்த பையன், கேட்டால் கோபித்துக்கொள்வான் என்று நான் கேட்பதை விட்டு வெகுநாளாயிற்று என்றார். பவி அவர் எதிரில் நின்றாள். அவர் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். எங்களிடமும் பேசுவதில்லை. அறைக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது, உள்ளே இருப்பவளைத்தான் எட்ட முடியவில்லை. கலை அடுப்படியில் நின்று அழுகிறாள். நான் இன்னும் காலையில் அந்தக் குழுவைத் திறக்கிறேன். அலை, காற்று, தெளிவு என்று எப்போதும் போல எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

7

நான் திருமுல்லைவாயிலில் இருந்து கிளம்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெவசத்துக்கு மறுநாள், கிடைத்த விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டேன். ஜாபர் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். ஆலிவரை அப்போது தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் பெட்டியை ஏற்றினார். நான் படி இறங்கினேன்.

"எங்க போற?" என்றார் அண்ணி.

அந்த வாசலில் எங்கள் வீட்டார் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இன்னா பேச்சு இது, கெளம்பசொல்ல? அறிவு கீதா உனக்கு?"

"கேக்காம இருந்து இன்னா ஆச்சின்னு பாத்தோம்ல? அந்தப் பையன் ஊட்லயும் யாரும் கேக்கல. நீ சும்மா கெட. தம்பி, நீ சொல்லு. எங்க போற?"

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று கால் தயங்கியது. போகவில்லை.

"மீனம்பாக்கம். அங்கிருந்து சிங்கப்பூர். சிங்கப்பூரில் மாறி பெர்த்."

"மீனம்பாக்கம், சிங்கப்பூரு, பெர்த்து," என்று அண்ணி திருப்பிச் சொன்னார். "யாரு கூட?"

"ஏர்போர்ட் வரைக்கும் ஜாபர். அப்புறம் நான் மட்டும்."

"செரி. எப்ப திரும்பி வருவே?"

ஜாபர் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான், அணைத்தான். அண்ணன் தலை குனிந்துகொண்டார். கடலுக்குப் போகிறவன் கரையில் சொல்ல வேண்டிய மூன்றில் இரண்டைச் சொல்லிவிட்டேன். மூன்றாவதை அண்ணி என் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நானும் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன்.